விர்ச்சுவல் மெஷின் பழக எது? ஈஎஸ்எக்ஸ்ஐ, ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ்

பழைய டெஸ்க்டாப் ஒன்றில் 32 ஜிபி ராம் போட்டு விர்ச்சுவல் மெஷின் (ஒரே கணினிக்குள் தனிக் கணினி போல ஓடும் மென்பொருள் கணினி) பழக உட்கார்ந்தபோது மூன்று வழிகள் இருந்தன: விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, டெபியன் லினக்ஸ் மேல் ஓடும் ப்ராக்ஸ்மாக்ஸ். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு ப்ராக்ஸ்மாக்ஸிலேயே தங்கிவிட்டேன்.

மெஷின் உருவாக்குவது, ராம் ஒதுக்குவது, ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் டிஸ்க்கின் ஃபைல் வடிவம்) மாட்டி ஓஎஸ் ஏற்றுவது எல்லாம் மூன்றிலும் அரை நாளில் கைவந்துவிடும். வேகத்திலும் சின்ன அலுவலக வேலைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் பார்த்தது ஒன்றைத்தான்: போன மெஷினைத் திரும்பக் கொண்டுவர இதில் பழக முடியுமா?

அதற்குக் காரணம் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில், அப்டேட்டுக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட்டை (மெஷினின் அந்த நேர நிலையைப் பதிந்து வைப்பது) அழிக்க மறந்துவிட்டேன். ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு வரும் மாற்றங்கள் தனி ஃபைலில் சேர்ந்துகொண்டே போகும். அது வளர்ந்து வளர்ந்து, ஒரு திங்கட்கிழமை காலையில் ஸ்டோரேஜ் நிரம்பி, கணக்குப் பிரிவின் சர்வர் நின்றுவிட்டது. "பேக்கப் இருக்கா?" என்று மேலாளர் கேட்டார். "ஸ்னாப்ஷாட் இருக்கு சார்" என்றேன். ஸ்னாப்ஷாட் அதே மூல டிஸ்க்கை நம்பி நிற்பது, டிஸ்க் போனால் அதுவும் போய்விடும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தக் கண்ணோடு பார்த்தால் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ பின்தங்கிவிடுகிறது. பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கியபின், 2024 தொடக்கத்தில் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. ஆனால் அதை விசென்டரில் (பல சர்வர்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விஎம்வேர் மென்பொருள்) சேர்க்க முடியாது. மற்ற மென்பொருள்கள் அதோடு பேசும் ஏபிஐ வழியாகப் படிக்க மட்டுமே முடியும் என்பதால் வழக்கமான பேக்கப் மென்பொருள்கள் அதில் வேலை செய்வதில்லை. நீங்கள் சேரப்போகும் நிறுவனம் விஎம்வேரில் ஓடுகிறதென்றால் கேள்வியே இல்லை, அதைத்தான் படிக்க வேண்டும்.

ஹைப்பர்-வி நியாயமான போட்டியாளர். விண்டோஸ் 11 ப்ரோவிலேயே இருக்கிறது, ஆன் செய்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினையே எக்ஸ்போர்ட் செய்யலாம். ஆனால் லைவ் மைக்ரேஷன் (ஓடும் மெஷினை நிறுத்தாமல் வேறு சர்வருக்கு மாற்றுவது), ரெப்ளிகா (வேறு சர்வரில் அதன் பிரதியை வைத்திருப்பது) போன்றவை விண்டோஸ் சர்வரில்தான் உண்டு. தனியாக இலவசமாகக் கிடைத்த ஹைப்பர்-வி சர்வரும் 2019 பதிப்போடு நின்றுவிட்டது. பழக விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பு இருக்கிறது. அது முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

ப்ராக்ஸ்மாக்ஸில் பேக்கப் உள்ளேயே இருக்கிறது. எந்த மெஷின், எந்த நேரம், எத்தனை பிரதி வைத்துக்கொள்வது என்று பிரௌசரிலேயே குறித்துவிடலாம். மாதம் ஒருமுறை நான் செய்வது இது: நேற்றைய பேக்கப்பை வேறு ஒரு ஐடி எண்ணில், 'யூனிக்' என்பதை (நெட்வொர்க் கார்டுக்குப் புது மேக் முகவரி தருவது) டிக் செய்து ரீஸ்டோர் செய்வேன். ஆன் செய்யும் முன் அதன் நெட்வொர்க் கார்டை 'டிஸ்கனெக்ட்' ஆக்கிவிடுவேன். இல்லையென்றால் ஒரே ஐபி முகவரியோடு இரண்டு மெஷின்கள் மோதிக்கொள்ளும். அப்புறம் கன்சோலில் லாகின் செய்து, டேட்டாபேஸ் திறக்கிறதா, கடைசிப் பதிவு எந்தத் தேதி என்று பார்ப்பேன். எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் குறித்து வைப்பேன். மெஷினுக்குள் கெஸ்ட் ஏஜென்ட் (ப்ராக்ஸ்மாக்ஸோடு உள்ளிருந்து பேசும் சின்ன மென்பொருள்) போட மறக்காதீர்கள். அது இல்லாமல் ஓடும்போது எடுத்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்தால், கரண்ட் போய் வந்த மெஷின் மாதிரிதான் எழும்.

குறையும் உண்டு. விண்டோஸ் ஏற்றும்போது டிஸ்க்கை விர்ட்-ஐஓ வகையில் (விர்ச்சுவல் மெஷினுக்கென்றே உள்ள வேகமான டிஸ்க் வகை) வைத்திருந்தால், அதன் டிரைவர் ஐஎஸ்ஓவைத் தனியாக மாட்டினால்தான் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியும். லினக்ஸ் கட்டளைகள் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அலுவலகம் முழுக்க விண்டோஸ், பார்த்துக்கொள்பவர்களுக்கும் அதுதான் பழக்கம் என்றால் ஹைப்பர்-வியையே எடுக்கச் சொல்வேன்.

பல சர்வர்களை ஒன்றாகச் சேர்க்கும் கிளஸ்டரில் என் அனுபவம் இரண்டு நோடு (சர்வர்) வரைக்கும்தான். அதற்கு மேலே போகிறவர்கள் என் பேச்சை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். இரண்டில் ஒன்று விழுந்தால் மற்றதற்குக் குவோரம் (முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை ஓட்டு) போய்விடும்: ஓடும் மெஷின்கள் ஓடும், புதிதாக எதையும் ஸ்டார்ட் செய்ய விடாது. மூன்றாவது ஓட்டுக்காக ஒரு சின்னக் கணினியில் கியூடிவைஸ் என்ற ஓட்டுப் போடும் மென்பொருளைப் போட்ட பிறகுதான் எனக்கு அந்தத் தொல்லை தீர்ந்தது.