ஒரு பாட்டுக்காக வாங்கலாம்: 'தி ரோலிங் ஸ்டோன்ஸ் சாங்புக்'

சென்னை சென்ட்ரலுக்கு அருகில் உள்ள அல்லிக்குளம் வளாகத்தில், கயிறு கட்டிய பழைய பாடப்புத்தகங்களுக்கும் உயிர்போன டேப் ரெக்கார்டர்களுக்கும் நடுவே, இந்த எல்பி தட்டு எனக்கு 1,400 ரூபாய்க்குக் கிடைத்தது. உறையில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் பெயர் இருந்தாலும் வாசித்திருப்பது அவர்கள் அல்ல. 1963 முதல் 1967 வரை அக்குழுவின் மேலாளராக இருந்த ஆண்ட்ரூ லூக் ஓல்ட்ஹாம், தன் பெயரில் அமைத்துக்கொண்ட ஆர்கெஸ்ட்ரா வாசித்தது இது. 1960களின் நடுவில் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. தான் நிர்வகிக்கும் குழுவின் முரட்டுப் பாடல்களைப் பாடகர் இல்லாமல் வயலின் குழுவை வைத்து வாசித்து விற்கலாம் என்ற எண்ணம், இருபது வயதைச் சற்றே கடந்திருந்த ஓல்ட்ஹாமுக்குத் தோன்றியிருக்கிறது.

பாட்டை எடுத்துவிட்டு இசையை மட்டும் கேட்பது நமக்குப் புதிதல்ல. முகூர்த்தம் முடிந்து பந்தி தொடங்கியதும் நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டுக்கு மாறுவார். வரிகளை நாம் மனதுக்குள் நிரப்பிக்கொண்டே சாம்பாருக்குக் கை நீட்டுவோம். அந்த வாசிப்பின் சுவையில் பாதி நம் ஞாபகத்தில்தான் இருக்கிறது. இந்தத் தட்டுக்கும் அதே நிபந்தனை பொருந்துகிறது என்பதால், ரோலிங் ஸ்டோன்ஸ் பாடல்களைக் கேட்டு வளராத ஒருவருக்கு இதன் பெரும்பகுதி நட்சத்திர ஓட்டலின் லிஃப்டில் கேட்கும் இசையாகவே தோன்றும்.

'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டுக்கு அதன் கரகரத்த கிதார் ஒலிதான் உயிர். அந்த இடத்தில் ஊதுகருவிகள் வர வேண்டும் என்றே அக்குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் முதலில் நினைத்திருந்தார் என்பதால், ஆர்கெஸ்ட்ரா வடிவத்தில் அது எடுபடும் என்று எதிர்பார்த்தேன், எடுபடவில்லை. 'ஆஸ் டியர்ஸ் கோ பை' பழுதில்லை. ஓல்ட்ஹாமும் சேர்ந்து எழுதிய அந்தப் பாட்டின் இயல்பே மெல்லிசை. 'டைம் இஸ் ஆன் மை சைட்' அக்குழு எழுதிய பாட்டே அல்ல. மேலாளரே தொகுத்த பாட்டுப் புத்தகத்தில் இரவல் சரக்கும் இருப்பது வேடிக்கைதான்.

தட்டின் விலை முழுவதையும் 'தி லாஸ்ட் டைம்' ஒன்றுக்கே கொடுக்கலாம். 1965-இல் வந்த மூலப்பாடலில் ஒரு கிதார் துணுக்கு திரும்பத் திரும்பச் சுழலும். இங்கே இசைக்கோப்பாளர் டேவிட் விட்டேக்கர் அதை ஒதுக்கிவிட்டு வயலின்களுக்குத் தாமே ஒரு சிறு இசை வாக்கியம் எழுதியிருக்கிறார். அது மெல்ல ஏறி, இறங்கி, முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்திலேயே மறுபடி தொடங்குகிறது. மூலப்பாடலின் மெட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. மற்றப் பாடல்களில் நகல் எடுத்தவர்கள் இதில் மட்டும் புதிதாக ஒன்றைச் செய்திருக்கிறார்கள். இரவில் ஹெட்போன் மாட்டி மூன்று முறை தொடர்ந்து கேட்டேன். மூன்றாம் முறையும் அலுக்கவில்லை.

இந்த வாக்கியத்தை உலகம் அறிந்தது வேறு பாட்டின் வழியாக. தி வெர்வ் குழு 1997-இல் 'பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி'யில் இந்தப் பதிவிலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் சுழலவிட்டது. ஒலிப்பதிவுக்கு அனுமதி பெற்றிருந்தும், ஒப்புக்கொண்டதைவிட அதிகமாக எடுத்துவிட்டார்கள் என்று, ரோலிங் ஸ்டோன்ஸின் அந்தக் காலத்துப் பாடல்களின் உரிமையை வைத்திருந்த ஆலன் க்ளைன் வழக்குக்கு வந்தார். முடிவில் பாட்டின் உரிமை ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகருக்கும் ரிச்சர்ட்ஸுக்கும் போனது. எழுதிப் பாடிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டுக்கு அது திரும்பி வர 2019 ஆயிற்று. அத்தனை இழுபறிக்கும் காரணமான வயலின் வரியை எழுதிய விட்டேக்கரின் பெயர் அந்த உரிமைப் பட்டியலில் எப்போதும் இல்லை. 'தி லாஸ்ட் டைம்' பாட்டின் பல்லவியே ஸ்டேபிள் சிங்கர்ஸ் பாடிய பழைய தேவாலயப் பாட்டின் சாயல் கொண்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்ற கணக்கு எளிதில் முடியாது. கோடம்பாக்கத்துப் படங்களில் 'இசை உதவி' என்று இரண்டு விநாடி ஓடி மறையும் பெயர்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

என் பிரதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "தட்டு கண்ணாடி மாதிரி இருக்கு சார்" என்று கடைக்காரர் உறுதி கூறினார். வீட்டுக்கு வந்து டிஸ்டில்டு வாட்டரும் பருத்தித் துணியும் கொண்டு துடைத்தபோதுதான், அழுக்குக்கு அடியில் ஒளிந்திருந்த கீறல் தெரிந்தது. சுற்றுக்கு ஒரு 'டிக்' வீதம் அது 'தி லாஸ்ட் டைம்' பாட்டில்தான் விழுகிறது. நீங்கள் வாங்குவதானால் தட்டை உறையிலிருந்து முழுவதும் உருவி, வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வேறு எந்தப் பாட்டில் கீறல் இருந்தாலும் பேரம் பேசி வாங்கிக்கொள்ளலாம்.