செல்ல நாயின் ஓவியம்: ஆயிலா, பாஸ்டலா, வாட்டர்கலரா?

நாயைப் படமாக வரைந்து தரச் சொல்லி வருபவர்களிடம் எந்த வண்ணத்தில் வேண்டும் என்று கேட்டால், "எது நல்லா இருக்குமோ அதுல" என்பார்கள். அதை முடிவு செய்வது நாயின் ரோமம்தான் என்பது என் அனுபவம்.

கறுப்பு நாயா, யோசிக்காமல் ஆயில், அதாவது எண்ணெய் வண்ணம். ட்யூபில் வரும் கறுப்பை அப்படியே பூசினால் உடம்பு தட்டையாக, உயிரில்லாமல் கிடக்கும். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பையும் குழைத்து வரும் கறுப்பே வேறு. வெளியே நிற்கும் கறுப்பு நாயின் முதுகை உற்றுப் பாருங்கள், வானத்தின் நீலம் மெல்லிசாகப் படிந்திருக்கும். வெயில் ஊடுருவும் காதோரம் செம்பழுப்பாகத் தெரியும். அங்கே நீலத்தைக் கொஞ்சம் கூட்டி, இங்கே பழுப்பைக் கூட்டி, ஈரம் இருக்கும்போதே ஒன்றோடு ஒன்று இழைக்க ஆயில் நிதானமாக நேரம் தரும்.

அதே நிதானம்தான் அதன் சிக்கலும். ஆயிலில் இருக்கும் எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. கையில் ஒட்டாமல் இருக்கவே பல நாள் ஆகும், தடித்த பூச்சுக்கு வாரக்கணக்கு. வழக்கமான வார்னிஷ் பூச 6 முதல் 12 மாதம் பொறுக்க வேண்டும். அவசரமென்றால் தண்ணீரில் குழைக்கும் அக்ரிலிக் வண்ணம் இருக்கிறது, நிமிடங்களில் காயும். ஆனால் காய்ந்ததும் நிறம் ஒரு படி கருக்கும், இழைக்கவும் விடாது.

புசுபுசுவென்ற நாய்க்கு பாஸ்டல், அதாவது சாக்பீஸ் மாதிரி பொடியாக உதிரும் வண்ணக்குச்சி. விரலால் நீவினால் அடிரோமத்தின் பஞ்சு வந்துவிடும்; மேலே பாஸ்டல் பென்சிலால் நுனி முடிகளை இழுத்தால் போதும். முடி மூக்கிலிருந்து கிளம்பி, கண்களுக்கு நடுவே ஏறி, நெற்றியில் விரியும். அந்தப் போக்கு தப்பினால் எந்த வண்ணமும் காப்பாற்றாது. பாஸ்டல் படத்துக்குக் கண்ணாடி கட்டாயம், அது படத்தைத் தொடாமல் இடைவெளியும் வேண்டும்.

வெள்ளை நாய்க்கு வாட்டர்கலர் அழகு. தாளின் வெள்ளையே ரோமமாகிவிடும், நிழலை மட்டும் வைத்தால் போதும். திருத்த இடம் குறைவு, நேர் வெயில் படும் சுவரும் ஆகாது.

எதில் வரைந்தாலும் புகைப்படம் நாயின் கண்மட்டத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கட்டும். கிட்டத்தில் போய் போனில் எடுத்தால் மூக்கு பெருத்துவிடும். ஃபிளாஷ் போட்டால் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒளி திருப்பும் படலம் மின்னி, கண்ணின் பழுப்பு நிறமே தெரியாது.

ஆனால் நாய் இறந்த பிறகு வருபவர்களிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? மங்கலாக இரண்டு படம்தான் இருக்கும். அப்போது நான் ஆயிலைத் தொடுவதில்லை. பெரிய கேன்வாஸில் நுணுக்கமாகப் போனால் தெரியாத இடத்தையெல்லாம் இட்டுக்கட்ட வேண்டிவரும், அது யாரோ ஒரு நாயாகிவிடும். பாஸ்டலில் உடம்பை மங்கலாகவே கரைய விட்டுவிட்டு, கண்ணையும் மூக்கையும் மட்டும் தெளிவாக்கலாம். அப்புறம் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தக் காது மடிந்திருக்கும், கூப்பிட்டால் தலையை எந்தப் பக்கம் சாய்க்கும் என்று கேட்டுக்கேட்டுத்தான் வரைவேன்.