ஜெஸ்ட் எழுதி ஃபிசிக்ஸ் பிஎச்டி சேர்றது: ஒரு வாத்தியாரோட ரிவியூ

எம்எஸ்சி ஃபிசிக்ஸ் கடைசி வருஷம் வந்துட்டா பசங்க என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான், "சார், பிஎச்டி சேர நெட் எழுதட்டுமா கேட் எழுதட்டுமா ஜெஸ்ட் எழுதட்டுமா?" மூணுமே நாடு முழுக்க நடக்குற பரீட்சைங்க. நான் தென் மாவட்டத்துல ஒரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல பாடம் நடத்துறேன், வருஷா வருஷம் அப்ளிகேஷன் போடுறப்போ பசங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டு வர்றேன், அதனால ஃபோனுக்கு ரிவியூ எழுதுற மாதிரி ஜெஸ்ட்டுக்கும் ஒண்ணு எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். ரேட்டிங் முதல்லயே சொல்லிடுறேன், 5க்கு 4. நெட்டுக்கு 3 குடுப்பேன், ஆனா அதையும் எழுதாம விடாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

ஜெஸ்ட்னா ஜாயின்ட் என்ட்ரன்ஸ் ஸ்க்ரீனிங் டெஸ்ட். வருஷத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் பிப்ரவரி மார்ச் வாக்குல நடக்கும். ஃபிசிக்ஸ் ஒண்ணு, தியரிட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒண்ணு. இந்த ஒரே ஸ்கோர வச்சு நம்ம தரமணி மேட்சயன்ஸ் (கணித அறிவியல் நிறுவனம்), கல்பாக்கம் ஐஜிகார் (அணு ஆராய்ச்சி மையம்), பெங்களூர்ல ராமன் இன்ஸ்டிட்யூட், ஐஐஏ (வானியற்பியல் நிறுவனம்), ஐசிடிஎஸ் (தியரி ஆராய்ச்சி மையம்), புனேல அயூக்கா (வானியல் மையம்), அலகாபாத்துல எச்ஆர்ஐ, கொல்கத்தால சாஹா, அகமதாபாத்ல பிஆர்எல், கூடவே மத்திய அரசோட அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்கள்னு, ஆராய்ச்சி நிறுவனங்க ஒரு பெரிய வரிசைக்கே இன்டர்வியூ போகலாம். நம்ம ஊர் பசங்களுக்கு இதுல ரெண்டு மூணு இடம் பேரே தெரியாது, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். கொடைக்கானல் போனா எல்லாரும் ஏரில போட் ஓட்டிட்டு வந்துடுறோம், அங்க இருக்குற சூரிய ஆய்வகமும் வாணியம்பாடி பக்கம் காவலூர்ல 2.3 மீட்டர் டெலஸ்கோப் வச்சிருக்கிற வானாய்வகமும் ஐஐஏவோடதுதான், அங்க டேட்டா எடுத்து பிஎச்டி பண்ண முடியும், அதுக்கு ஒரு வாசல் இந்த பரீட்சைன்னு சொன்னா பசங்க நம்பவே மாட்டேங்குறாங்க.

பரீட்சை எப்படின்னா, 3 மணி நேரம், 100 மார்க். 15 கேள்வி 3 மார்க், தப்பா போட்டா 1 மார்க் போகும். அடுத்த 10 கேள்விக்கு ஆப்ஷனே கிடையாது, விடைய நம்பரா போடணும், அதுவும் 3 மார்க், நெகட்டிவ் இல்ல. கடைசில 25 கேள்வி 1 மார்க், தப்புக்கு மூணுல ஒரு பங்கு போகும். கொஞ்ச வருஷமா இப்படித்தான் வருது. எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது அந்த நம்பர் போடுற 10 கேள்விதான். நம்ம யூனிவர்சிட்டி பேப்பர்ல "டிரைவ் பண்ணு"ன்னு கேட்டா மனப்பாடம் பண்ணி நாலு பக்கம் எழுதிடுறோம், இங்க அது செல்லாது. உதாரணத்துக்கு, ஒரு க்யூபோட 12 ஓரத்துலயும் 6 ஓம் ரெசிஸ்டர் வச்சிருக்கு, எதிரெதிர் மூலைக்கு நடுவுல எவ்வளவு ரெசிஸ்டன்ஸ்னு கேட்டா, கிர்ச்சாஃப் போட்டு சமன்பாடு மேல சமன்பாடு எழுதுறவன் கால் மணி நேரத்த தொலைச்சிடுவான், முதல் மூலைல கரண்ட் மூணா பிரியும், அங்கேருந்து ஒவ்வொண்ணும் ரெண்டா பிரியும், அப்புறம் ரெண்டு ரெண்டா சேந்து மூணாகி கடைசி மூலைல ஒண்ணா சேரும்னு சிமெட்ரி பாக்குறவன் 5 ஓம்னு ஒரு நிமிஷத்துல போட்டுட்டு போயிடுவான். இந்த மாதிரி கணக்குகள பிஎஸ்சி முதல் வருஷத்துலேருந்தே போட்டு பழகணும், எம்எஸ்சி கடைசி செமஸ்டர்ல உக்காந்து புடிக்க முடியாது. பழைய கேள்வித்தாள், ஆன்சர் கீ ரெண்டும் ஜெஸ்ட் வெப்சைட்லயே ஃப்ரீயா கிடக்கு, கோச்சிங் சென்டர்ல காசு கட்டுறதுக்கு முன்னாடி அத டவுன்லோட் பண்ணி கடிகாரம் வச்சு ஒரு பேப்பர் முழுசா போட்டுப் பாருங்க.

சரி, 4 குடுத்ததுக்கு பரீட்சை மட்டும் காரணம் இல்ல, அதுக்கு அப்புறம் வர்ற விஷயம்தான் பெருசு. பிஎச்டில உங்க அஞ்சாறு வருஷத்த முடிவு பண்றது காலேஜ் பேரு இல்ல, கைடு. மேட்சயன்ஸ் மாதிரி இடத்துல சேந்தா முதல் வருஷம் பக்கமா கோர்ஸ்வொர்க் போகும், க்ளாஸ்ல உக்காருறோம், செமினார் கேக்குறோம், சீனியர் கூட டீ குடிக்கிறோம், யாரு எப்படி பேசுறாங்க யாரு ஸ்டூடன்ட்ட மதிக்கிறாங்கன்னு கண்ணால பாக்குறோம், அப்புறம்தான் யாருகிட்ட வேலை பாக்கப் போறோம்னு முடிவு பண்றோம். மும்பைல இருக்குற டாடா ஆராய்ச்சி நிறுவனம் டிஐஎஃப்ஆர்லயும் கோர்ஸ் முடிச்சுட்டுதான் கைடு. இந்த டைம் எவ்வளவு பெரிய சலுகைன்னு உள்ள போனவங்களுக்குதான் தெரியும். எல்லா இடமும் இப்படி இல்ல, எக்ஸ்பெரிமென்ட் பக்கம் சில இடத்துல சேரும்போதே ப்ராஜெக்ட்டும் கைடும் முடிவாகிடும், அதனால இன்டர்வியூ முடிவுல உங்களுக்கு கேள்வி இருக்கான்னு கேப்பாங்க பாருங்க, அப்போ தயங்காம இத கேட்டுடுங்க.

யூனிவர்சிட்டி வழி அப்படியே தலைகீழ். பல இடத்துல மொதல்ல கைடு புடிக்கணும், அவருகிட்ட கன்சென்ட் லெட்டர் வாங்கணும், அப்புறம்தான் அப்ளிகேஷன். யுஜிசி 2022 விதிப்படி ஒரு ப்ரொஃபசர் ஒரு நேரத்துல 8 பேர், அசோசியேட் 6 பேர், அசிஸ்டன்ட் 4 பேர்தான் வச்சுக்க முடியும், அதனால வேக்கன்சி இருக்கான்னு பாக்குறதே தனி அலைச்சல். என் ஸ்டூடன்ட் ஒரு பொண்ணு, நல்லா படிக்கிற பொண்ணு, ஒரு யூனிவர்சிட்டில (பேரு வேணாம்) ஒருத்தர் எடம் இருக்கும்மான்னு சொன்னார்னு நம்பி வேற எங்கயும் அப்ளை பண்ணாம காத்துட்டு இருந்துச்சு, கடைசி தேதிக்கு முந்தின வாரம் ஃபுல் ஆயிடுச்சும்மான்னு ஃபோன்லயே முடிச்சுட்டாரு. ஒரு வருஷம் போச்சு. அவங்க அப்பா அம்மா அந்த வருஷம் முழுக்க மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுட்டாங்க, அத நிறுத்தி வைக்கவே நாங்க ரெண்டு மூணு வாத்தியாருங்க வீடு வரைக்கும் போய் பேச வேண்டியதாப் போச்சு. யூனிவர்சிட்டில அருமையான கைடுங்க நிறைய பேர் இருக்காங்க, அத மறுக்கல, ஆனா முகம் பாக்காம முன்னாடியே கையெழுத்து வாங்குற இந்த முறை பசங்களுக்கு நியாயமா இல்ல.

இப்போ ஜெஸ்ட்டுக்கு ஏன் ஒரு மார்க் கொறச்சேன்னு சொல்லிடுறேன். ரேங்க் வந்தவுடனே வேலை முடிஞ்சுதுன்னு பசங்க நெனச்சுடுறாங்க, ஆனா ஒவ்வொரு இன்ஸ்டிட்யூட்டுக்கும் தனித்தனியா அப்ளை பண்ணணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு தேதி, ஒரு ஃபார்ம், சிலது ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே மூடிடும். எஞ்சினியரிங் கவுன்சிலிங் மாதிரி ஒரே இடத்துல சாய்ஸ் போட்டு முடிக்கிற வசதி இல்ல. நல்ல ரேங்க் வாங்கிட்டு தேதிய விட்டு வெளிய நின்ன பசங்கள பாத்துருக்கேன். அதனால ஜனவரிலயே ஒரு நோட்டு போட்டு இடம், கடைசி தேதி, யாரு லெட்டர் ஆஃப் ரெக்கமண்டேஷன் குடுக்கணும்னு எழுதி வச்சிடுங்க, லெட்டர் குடுக்குற வாத்தியாருக்கு ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லுங்க, முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப் பண்ணா எங்களால நல்ல லெட்டர் எழுத முடியாது, நெஜமா சொல்றேன். இன்னொரு குறை, வருஷத்துக்கு ஒரே தடவை, அன்னைக்கு காய்ச்சல் வந்தா அவ்ளோதான், ஸ்கோரும் அந்த ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும்.

அதனாலதான் சிஎஸ்ஐஆர் நெட்டும் எழுதுங்கன்னு சொல்றது. அதுல ஜேஆர்எஃப் (மாசாமாசம் வர்ற ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைச்சா காச நீங்களே கையில கொண்டு போறீங்க, கைடு உங்கள தேடி வருவாரு, யூனிவர்சிட்டில ஃபெலோஷிப் இல்லாம மாசம் வீட்டுலேருந்து பணம் வாங்கி படிக்கிற நெலம வராது. 2023 ஜனவரிலேருந்து ஜேஆர்எஃப் மாசம் 37,000, அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனா 42,000, அதுக்கு மேல வீட்டு வாடகைப் படி. ரேட்டிங்ல நெட்டுக்கு 3தான் குடுத்தது ஏன்னா, அந்த பேப்பர் ரொம்ப அகலம், தேதிய நம்ப முடியல. 2024 ஜூன்ல நடக்க வேண்டிய பரீட்சைய தள்ளி வச்சு ஜூலைலதான் நடத்துனாங்க, டிக்கெட் போட்டு ரூம் புக் பண்ண பசங்க பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல. கேட் ஸ்கோர் மூணு வருஷம் செல்லும், ஐஐடி பக்கம் போறவங்களுக்கு அது கைல இருக்குறது நல்லது. டிஐஎஃப்ஆர் பரீட்சை தனி, வழக்கமா டிசம்பர்ல வரும், ஜெஸ்ட்டுக்கு படிக்கிறவங்க அதையும் எழுதிடலாம், படிப்பு ஒண்ணுதான். யூனிவர்சிட்டில எம்எஸ்சி ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்தவங்க மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோட (டிஎஸ்டி) இன்ஸ்பயர் ஃபெலோஷிப்பயும் பாருங்க, நம்ம ஊர்ல தகுதி இருந்தும் கேள்விப்படாமலே விடுறவங்க நிறைய.

இன்டர்வியூ பத்தி. எல்லாரும் பயப்படுறது இங்கிலீஷுக்கு. தமிழ் மீடியத்துலேருந்து வந்த என் பையன் ஒருத்தன் சொன்னத அப்படியே சொல்றேன். உள்ள போனதும் உனக்கு பிடிச்ச சப்ஜெக்ட் எதுன்னு கேட்டாங்களாம், குவாண்டம் மெக்கானிக்ஸ்னு சொன்னான், சாக்பீஸ கைல குடுத்து ஒரு டெல்டா பொட்டென்ஷியல்ல (ஒரே புள்ளில ஊசி மாதிரி இறங்குற பள்ளம்) பவுண்ட் ஸ்டேட்டோட (துகள் அங்க மாட்டிக்கிட்டு இருக்குற நிலை) வேவ் ஃபங்ஷன வரையச் சொன்னாங்க. வரைஞ்சான், நடுவுல கூரா ஒரு முனை. ஏன் முனை, ஏன் வளைஞ்சு போகலன்னு கேட்டாங்க, சரிவு அங்க தாவும்னு சொல்லி சமன்பாட்ட ரெண்டு பக்கமும் இன்டக்ரேட் பண்ணி காமிச்சான். அடுத்து பக்கத்துல இன்னொரு டெல்டா வச்சா எத்தன பவுண்ட் ஸ்டேட்னாங்க. இங்க மாட்டிக்கிட்டான், தெரியாதுன்னு நின்னான், சரி ரெண்டும் ரொம்ப தூரத்துல இருந்தா என்னன்னு ஒருத்தர் எடுத்துக் குடுத்தாரு, அங்கேருந்து புடிச்சு ஈவன் ஸ்டேட் எப்பவும் இருக்கும், ரொம்ப கிட்ட கொண்டு வந்தா ஆட் ஸ்டேட் காணாம போயிடும்னு தானே வந்து சேந்தான். அரை மணி நேரத்துல அவன் பேசுன இங்கிலீஷ் பத்து வாக்கியம் இருக்காது. எடுத்துக்கிட்டாங்க. புடிச்ச சப்ஜெக்ட்னு எத சொல்றீங்களோ அதுல அடி வரைக்கும் தோண்டுவாங்க, அதனால ஸ்ட்ரிங் தியரி மாதிரி பேருக்கு ஆசப்பட்டு சொல்லிடாதீங்க, எலக்ட்ரோஸ்டாடிக்ஸ்னு சொன்னாலும் கௌரவம் கொறயாது.

ஆஃபர் ரெண்டு மூணு கைல வந்துச்சுன்னா எத எடுக்குறது? நான் பசங்கள மொதல்ல சோத்கங்கால (இந்திய பிஎச்டி தீசிஸ்கள சேத்து வச்சிருக்கிற வெப்சைட்) உக்கார வைப்பேன். கைடு பேர போட்டு தேடுனா அவருகிட்ட முடிச்சவங்க தீசிஸ் வரும், பல தீசிஸ்ல பதிவு பண்ண தேதியும் முடிச்ச தேதியும் இருக்கும், எத்தன வருஷம் ஆகுதுன்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். அப்புறம் ஆர்க்கைவ்ல (ஆராய்ச்சிக் கட்டுரைகள ஃப்ரீயா போடுற வெப்சைட்) அவரோட பேப்பர்கள பாருங்க, ஸ்டூடன்ட்ஸ் பேர் வருதான்னு. இதுல ஒரு விஷயம், ஹை எனர்ஜி தியரில பேர அகர வரிசைலதான் போடுவாங்க, அதனால மொத பேரா இல்லன்னு தப்பா எடை போட்டுறாதீங்க, மொத பேருக்கு அர்த்தம் இருக்கா இல்லயாங்குறது துறைக்குத் துறை மாறும். எல்லாத்துக்கும் மேல அங்க இப்போ படிக்கிற ஒருத்தருக்கு மெயில் போட்டு ஃபோன்ல பேசுங்க. மெயில்ல யாரும் கொற எழுத மாட்டாங்க, ஃபோன்ல "சார் நல்லவர்தான், ஆனா..."ன்னு இழுப்பாங்க பாருங்க, அந்த ஆனாக்கு அப்புறம் வர்றத கவனமா கேளுங்க. எம்எஸ்சி முதல் வருஷத்துல இருக்குறவங்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கு, மூணு அறிவியல் அகாடமியும் சேந்து நடத்துற சம்மர் ரிசர்ச் ஃபெலோஷிப்ல ரெண்டு மாசம் ஒரு ப்ரொஃபசர்கிட்ட போய் வேல பாத்துட்டு வாங்க, அந்த இடமும் ஆளும் ஒத்துவருமான்னு அதுலயே தெரிஞ்சிடும்.

தியரியா எக்ஸ்பெரிமென்ட்டான்னு மட்டும் அப்ளை பண்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. மேட்சயன்ஸ்ல லேப் கிடையாது, முழுக்க தியரி, ஆனா லைப்ரரி அருமை, கேம்பஸ்லயே ஹாஸ்டல், சென்னைல அந்த வாடகை மிச்சமே பெரிய விஷயம். கைல வேல பாக்கப் பிடிச்சவங்க பேருக்காக அங்க போய் உக்காந்து தவிக்காதீங்க, கல்பாக்கத்துல மெட்டீரியல்ஸ் பக்கம் வச்சிருக்கிற கருவிங்கள நம்ம ஊர்ல வேற எங்கயும் சுலபமா பாக்க முடியாது. ரெண்டு இடத்துலயும் டிகிரி ஹோமி பாபா நேஷனல் இன்ஸ்டிட்யூட் பேர்லதான் வரும், அதுல வித்தியாசம் இல்ல.

ஆகஸ்ட் வாக்குல சேரணும், கடைசி செமஸ்டர் ரிசல்ட் லேட்டாச்சுன்னா ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட் கைல இருக்காது, அதுக்கு டிபார்ட்மென்ட் ஹெட்கிட்ட பரீட்சை எழுதி முடிச்சாச்சுன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு இன்ஸ்டிட்யூட் ஆஃபீசுக்கு முன்கூட்டியே மெயில் போட்டு டைம் கேளுங்க, நான் பாத்த வரைக்கும் கேட்டவங்களுக்கு குடுத்துருக்காங்க. கம்யூனிட்டி சர்டிஃபிகேட் ஓபிசின்னா சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஃபார்மேட்ல வேணும், நம்ம ஸ்டேட் சர்டிஃபிகேட் அங்க எடுக்க மாட்டாங்க, அத முன்கூட்டியே அப்ளை பண்ணி வச்சிடுங்க.