வாசலுக்கு வந்த காய்கறி வண்டி: 2021 முழு ஊரடங்குச் சேவை எப்படி இருந்தது?

கொரோனா முழு ஊரடங்கால் 2021 மே 24 முதல் தமிழ்நாட்டில் மளிகைக் கடை, காய்கறிக் கடை எல்லாவற்றுக்கும் பூட்டு. மருந்துக் கடை, பால், குடிநீர், செய்தித்தாள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. காய்கறியும் பழமும் தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் ஏற்பாடு செய்த வண்டிகளில் தெருவுக்கே வந்தன. மே 31 முதல் மளிகையும் இதே வழியில், காலை 7 மணியிலிருந்து மாலை 6 வரை.

கடையை மூடிவிட்டு வண்டியை அனுப்பும் யோசனைக்கு முழு மதிப்பெண் தரலாம். அந்த வண்டி நகர எந்தெந்த வேலையெல்லாம் நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டதற்குப் பாதிதான்.

முதல் சறுக்கல் வண்டி கிளம்பும் முன்பே நடந்தது. மே 22, 23 இரண்டு நாளும் இரவு 9 மணி வரை கடை திறக்கலாம் என்றார்கள். எந்தத் தெருவுக்கு என்றைக்கு வண்டி வரும் என்பது அப்போது மக்கள் கையில் இல்லை. ஒரு வாரத்துக்கு வேண்டியதை இரண்டே நாளில் வாங்க ஊரே சந்தையில் நின்றது, விலையும் எகிறியது. தெருவாரியான நேர அட்டவணையை முதலில் ஒட்டிவிட்டு, பிறகு கடையடைப்பை அறிவித்திருந்தால் அந்த நெரிசலில் பெரும்பகுதி இருந்திருக்காது.

எத்தனை வண்டி வேண்டும் என்பதை எடையை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. ஓர் ஆளுக்கு நாளைக்கு 300 கிராம் காய்கறி என்று வைத்துக்கொள்வோம். நால்வர் இருக்கும் வீட்டுக்கு 1.2 கிலோ. ஒரு குட்டி யானை வண்டியில் சுமார் 750 கிலோ ஏறும். அதனால் ஒரு நடையில் 600 வீட்டுக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றும், போட முடியாது. பொறுக்கி, நிறுத்து, காசு வாங்கிச் சில்லறை கொடுக்க ஒருவருக்கு 3 நிமிடம் ஆகிறது. 6 மணி நேரத்தில் 120 பேர்தான். அந்த 120 பேரும் நான்கு நாளுக்குச் சேர்த்து வாங்கினால் வீட்டுக்கு 4.8 கிலோ, மொத்தம் 576 கிலோ. வண்டியும் தாங்கும், நான்கு நாள் சுற்றில் 480 வீடும் முடியும். தினமும் எல்லாத் தெருவிலும் தலைகாட்ட நினைத்த வண்டிதான் முக்கு ரோட்டிலேயே காலியாகித் திரும்பும், உள்சந்துக்குப் போகாது. நிறுக்க ஒருவர், காசுக்கு ஒருவர் என்று பிரித்துவிட்டால் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டாவது ஆளுக்குக் கொடுக்கும் கூலி, இன்னொரு வண்டியின் வாடகையைவிடக் குறைவு.

நின்று விற்கும் இடமும் முக்கியம். தெருமுனையில் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் வண்டியே ஒரு சிறு சந்தை ஆகிவிடும். எதைத் தவிர்க்கக் கடையை மூடினார்களோ அதுவே வண்டியைச் சுற்றி நடக்கும். 50 மீட்டருக்கு ஒரு நிறுத்தம், ஒரு நிறுத்தத்துக்குப் பத்துப் பேர் என்று நகர்ந்துகொண்டே இருப்பதுதான் சரி.

சரக்கின் தரம் ஏற்றுகிற விதத்தில் இருக்கிறது. வெங்காயம், உருளைக்கிழங்கு மூட்டைகள் அடியில், ஓட்டுநர் இருக்கை பக்கமாக. தக்காளி பெட்டியோடே மேலே இருக்க வேண்டும், அதன்மேல் மூட்டை போடவே கூடாது. கீரை கடைசியில், நனைத்த கோணிச் சாக்கால் மூடி. கத்திரி வெயிலில் பத்து மணிக்கு மேல் கீரை நிற்காது, ஆகவே முதல் இரண்டு நிறுத்தத்திலேயே விற்றுவிட வேண்டும். பலவகைக் காயைப் போட்டு ஒரே விலைக்கு விற்கும் கலவைப் பை நேரத்தை மிச்சப்படுத்தும், நல்ல ஏற்பாடு. ஆனால் இறுக்கி முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில் காய் வியர்த்து, மறுநாளே வெண்டைக்காய் கொழகொழக்கும். பையில் நாலைந்து துளை போட்டால் போதும்.

விலைப் பட்டியல் போடும்போது கழிவைச் சேர்க்க வேண்டும். 14 கிலோ தக்காளிப் பெட்டியில் ஒரு கிலோவாவது நசுங்கும். ஏற்றுகூலி, டீசல், வாடகை எல்லாம் எழுதிவிட்டு இந்த ஒரு கிலோவை விட்டுவிட்டால், விற்பவர் நஷ்டத்தை ஈடுகட்ட நசுங்கியதைக் கலவைப் பையின் அடியில் தள்ளத்தான் செய்வார். குற்றம் அவரிடம் இல்லை, பட்டியலில் இருக்கிறது.

தராசு விஷயத்தில் வாங்குபவர்தான் கவனிக்க வேண்டும். இன்ஜின் ஓடும் வண்டியின் மேல் வைத்த மின்னணுத் தராசு அதிர்வில் எண்ணை மாற்றி மாற்றிக் காட்டும். பேட்டரி இறங்கினாலும் அப்படியே. இன்ஜினை நிறுத்தச் சொல்லி, வெறும் தட்டில் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்த பிறகு காயை வையுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை இட வேண்டும். ஊரடங்கில் தராசு பழுதுபார்ப்பவரையும் வீட்டில் உட்கார வைத்தால் இந்தக் கோளாறைச் சரிசெய்ய ஆளே இல்லை.

எந்த வேலை நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்ற கேள்வியின் சிக்கல் இங்கேதான். விலக்குப் பட்டியல் பொருளின் பெயரால் எழுதப்படுகிறது: காய்கறி, பால், மருந்து. பொருளோ பல கை மாறித்தான் வருகிறது. 2020இல் இது கண்முன் தெரிந்தது. மார்ச் 24 மத்திய அரசு ஆணையிலேயே உணவுப் பொருளுக்கு விலக்கு இருந்தது. வயல் வேலைக்கும் வேளாண் சந்தைக்கும் மார்ச் 27இல்தான் வந்தது. நெடுஞ்சாலையில் லாரி பழுதுபார்க்கும் கடைக்கு ஏப்ரல் முதல் வாரம் ஆனது. ஓட்டுநர் சாப்பிடும் சாலையோர உணவகத்துக்கு ஏப்ரல் 20 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லாரி ஓடலாம், டயர் வெடித்தால் பஞ்சர் ஒட்ட ஆள் இல்லை, ஓட்டுநருக்குச் சோறு இல்லை என்ற நிலையில் ஒசூர்த் தக்காளி எப்படிக் கோயம்பேடு சேரும்?

கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி 2020 மே 5இல் மூடியபோதும், சரக்கைச் சென்னையை அடுத்த திருமழிசைக்கு மாற்ற முடிந்தது. சந்தையைச் சுற்றியிருந்த வேலைகள் அதே வேகத்தில் பின்தொடரவில்லை. மழை பெய்ததும் அங்கே தரை சேறானது, சேற்றில் நின்றுதான் மூட்டை இறக்கினார்கள். கோயம்பேட்டுக்கு மொத்தக் காய்கறி விற்பனை திரும்பியது செப்டம்பர் 28இல்.

ஆகவே அடுத்த முறை அனுமதிச் சீட்டு எழுதும் அதிகாரி ஒரு கிலோ தக்காளியைச் செடியிலிருந்து வாசல் வரை பின்தொடர்ந்து எழுத வேண்டும். பறிப்பவர், பெட்டி கொடுப்பவர், லாரி ஓட்டுநர், மாற்று ஓட்டுநர், பஞ்சர் கடை, சுமைதூக்கும் தொழிலாளி, அதிகாலை இரண்டு மணிக்கு அவருக்கு இட்லி போடும் கடை, அழுகலை அள்ளும் தூய்மைப் பணியாளர், தராசு மெக்கானிக், கடைசியில் வண்டிக்காரர். இவர்களில் மிகவும் மறக்கப்பட்டவர் சுமைதூக்கும் தொழிலாளி. மூட்டையை ஒருவர் முதுகில் இன்னொருவர் ஏற்றிவிட வேண்டும், ஆறடி இடைவெளி அந்த வேலையில் முடியாத காரியம். அவருக்குத்தான் முகக்கவசமும் தடுப்பூசியும் முதலில் போயிருக்க வேண்டும். வியர்வையில் நனைந்த முகக்கவசத்தால் பயனில்லை என்பதால் ஒரு இரவுக்கு ஒன்று போதாது, குறைந்தது மூன்று தேவை.

பழைய தள்ளுவண்டிக்காரர்களுக்கும் அனுமதி கொடுத்தது இந்தச் சேவையின் மிக நல்ல அம்சம். குட்டி யானை நுழையாத சந்தில் அவர்கள் நுழைவார்கள். எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், யாருக்குக் கணக்கு வைத்துக் கொடுக்கலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒரு தள்ளுவண்டி 100 கிலோ அளவில்தான் தாங்கும். அதனால் தெருமுனையில் நிற்கும் குட்டி யானையிலிருந்து நடுப்பகலுக்குள் ஒருமுறை அதை மறுபடி நிரப்பிக் கொடுக்க வேண்டும்.