ஏலகிரி ஏரிக்கரையில் 'தாத்தா காலத்துச்' சாமான் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பில்லில் எழுதியிருப்பது: "ஃபேன்ஸி ஐட்டம் – 5." கடைக்காரர் வாயால் சொன்னது: "நூறு வருஷம் தாண்டின சரக்கு சார், செட்டிநாட்டு வீட்டைப் பிரிச்சப்ப வந்தது." இந்த இரண்டுக்கும் நடுவில் போன பணம் 31,500 ரூபாய். புங்கனூர் ஏரிப் பக்கம் விடுமுறை நாள்களில் தார்ப்பாய் கட்டி விரிக்கிற ஒரு கடை அது. கிராமபோன் 18,000, சுவர்க் கடிகாரம் 6,500, பெயர் வெட்டிய பித்தளைச் சொம்பு 3,500, 'கம்பெனிக் காசு' இரண்டு 3,500. வேலூருக்குக் கொண்டுவந்து, திருப்புளியும் தராசும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்ததில் தெரிந்தவற்றை எழுதுகிறோம். இதே சரக்கு வேறு சுற்றுலா ஊர்களிலும் உங்கள் கண்ணில் படலாம்.

பெரிய ஏமாற்று கிராமபோனில்தான். தட்டைத் தூக்கி உள்ளே இருக்கும் மோட்டாரைக் கடைக்காரரே பெருமையாகக் காட்டுவார். ஏனென்றால் அது ஒன்றுதான் நிஜமாகவே பழசு. பெட்டி போல மூடி எடுத்துப்போகும் பழைய போர்ட்டபிள் கிராமபோன்களிலிருந்து கழற்றியது. அதைச் சுற்றி உள்ள மரப்பெட்டி, புனல், வளைகுழாய் எல்லாம் புதுசு. பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். வெளியே கறுப்புத் தேக்கு மாதிரி மின்னும் மரம், உள்ளே வெளிறிப்போய் வார்னிஷ் வாடை அடிக்கும். நாய்ப் படம் போட்ட அடையாளம் நகம் வைத்துச் சுரண்டினால் ஓரம் தூக்கும் ஸ்டிக்கர். அசல் பெட்டியில் அந்தப் படம் மரத்தின் மேல் பதித்து, அதன் மேல் பாலிஷ் ஏறியிருக்கும். புனலின் மொத்தக் கனத்தையும் பெட்டியின் பின்பக்கம் பொருத்திய வார்ப்புத் தாங்கி சுமக்க வேண்டும். இதிலோ மெல்லிய குழாயில் செருகி நிற்கிறது, விரலால் தட்டினாலே ஆடுகிறது.

ஓடுகிறதா என்று பார்க்கும் முறையும் இருக்கிறது. தட்டின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, முழுசாகச் சாவி கொடுத்து, ஊசியை இசைத்தட்டின் மேல் வைத்து, ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 78 சுற்று வர வேண்டும். பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம். ஒரு முறை சாவி கொடுத்தால் அந்தப் பக்கம் தொய்வில்லாமல் முடிய வேண்டும். இந்த மெஷின் முதல் நிமிஷத்தில் 80, மூன்றாவது நிமிஷத்தில் 60க்கும் கீழே. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. கடையில் அரை நிமிஷம் மட்டும் பாடவிட்டு ஊசியைத் தூக்கிவிட்டதன் காரணம் அப்போது புரியவில்லை. எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. ஒரே ஊசியில் நாள் முழுக்க ஓட்டிக் காட்டுகிறவர் கொடுக்கும் அரக்கு இசைத்தட்டின் பள்ளங்கள் சாம்பல் நிறத்தில் தேய்ந்திருக்கும். வீட்டில் இருக்கும் எல்பி தட்டை மட்டும் இதில் வைத்துவிடாதீர்கள், ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

கடிகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. முகப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அச்சுப் புள்ளிகள், அதாவது கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டிய காகிதம். பின்பலகை பிளைவுட். '1900ஆம் வருஷத்து' பெட்டியில் கீல் முழுக்க ஸ்டார் ஸ்க்ரூ. அந்தத் தலை கொண்ட ஸ்க்ரூ 1930களில்தான் சந்தைக்கே வந்தது. ஒன்றிரண்டு இருந்தால் பழுது பார்த்தபோது மாற்றியது என்று விடலாம், எல்லாமே அப்படி என்றால் பெட்டியே புதுசு.

சொம்பில்தான் மாட்டிக்கொண்டார்கள். கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாக 'அண்ணாமலை 1932' என்று வெட்டியிருக்கிறது. நம் பக்கத்துப் பெயர், பார்த்ததும் மனசு இளகும். ஆனால் 'ணா', 'லை' இரண்டும் இன்று நாம் எழுதும் வடிவத்தில் இருக்கின்றன. தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது 1978இல். அதற்கு முன் ணா, றா, னா மூன்றுக்கும் கால் சேர்த்த சுழி வடிவம், ணை, லை, ளை, னை நான்குக்கும் மேலே தும்பிக்கை மாதிரி வளைந்த கொம்பு. பெரியார் தம் பத்திரிகையில் 1930களிலேயே மாற்றியவர்தான், ஆனால் சீர் பாத்திரத்துக்குப் பேர் வெட்டிய கன்னாரும் அப்போதே மாறியிருப்பார் என்று நம்புவது கஷ்டம். பழைய பாத்திரம் வாங்கும்போது இந்த எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

இன்னொன்று கறுப்பு. உண்மையாகப் புழங்கிய பித்தளையில் கை படும் இடம் பளபளக்கும், இடுக்கு கறுத்திருக்கும். வருஷக்கணக்காகப் புளி போட்டுத் தேய்த்ததில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். இதில் கறுப்பு எங்கும் ஒரே சீர், எழுத்தின் ஓரம் விரலைக் கீறுகிறது. பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் துடைத்தால் பூட் பாலிஷ் மாதிரி ஏதோ வந்தது, பள்ளத்தின் உள்ளே புது மஞ்சள். காந்தமும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பின் மேல் முலாம்.

காசுகளில் ஒன்று ராமர் பட்டாபிஷேகப் படம் போட்ட '1818 ஒரு அணா'. கிழக்கிந்தியக் கம்பெனி இப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. ஒரு அணாவுக்குத் தனிக் காசு வந்ததே 1907இல், கம்பெனி ஆட்சி ஒழிந்து சுமார் அரை நூற்றாண்டு கழித்து. இது பூஜை அறையில் வைக்க அடிக்கிற வில்லை, அவ்வளவுதான். மற்றது 1840 விக்டோரியா வெள்ளி ரூபாய். அசல் எடை 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். இது 9.8 கிராம். நகைக்கடைத் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, நூலில் கட்டிய காசை அடி தொடாமல் முக்கினால் அசலுக்கு எடை 1.13 கிராம் அளவுக்குக் கூட வேண்டும். இரண்டு சோதனைக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம்.

அந்தக் கடையில் 'டாலண்ட் லண்டன்' என்று பழைய லண்டன் கம்பெனியின் பெயர் பொறித்த பித்தளைத் தொலைநோக்கிகளும் வரிசையாக இருந்தன. ரூர்க்கி, மொராதாபாத் பட்டறைகளில் இன்றைக்கும் அடித்து அனுப்புகிற சரக்கு. அழகுக்கு வாங்கலாம், அழகுக்கு உரிய விலையில். ஒரே மாதிரி மூன்று 'பழம்பொருள்' பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கேள்வியே வேண்டாம்.

சாமி சிலையைக் காட்டி "கோயில்ல இருந்தது" என்று குரலைத் தாழ்த்தினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். ஒன்று பொய், இல்லையென்றால் திருட்டு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பங்களை 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்லியல் துறையிடம் பதிய வேண்டும், தொழிலாக விற்கிறவருக்கு உரிமம் வேண்டும். கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும் என்று மோசடிப் பேச்சு திரும்பினாலும் அப்படியே.

வாங்குவதற்கு முன் பில்லில் மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: என்ன உலோகம் அல்லது மரம், எத்தனை வருஷப் பழசு, ஓடும் நிலையில் இருக்கிறதா. எழுதத் தயங்கினால் விலையைப் பழைய பித்தளை எடைக்குப் பேசுங்கள். வேலூர், குடியாத்தம் பக்கம் பழசு எடுக்கும் பாத்திரக் கடைகளிலும் காயலான் கடைகளிலும் நிஜச் சொம்பு அந்தக் கணக்கில்தான் கிடைக்கிறது. மாலையில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். யுபிஐயில் பணம் போகும் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இங்கே வேறு வேறு.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "மலை ஏறி வந்து வாங்கினது சார், ரிட்டன் கிடையாது" என்ற பதிலும், வேறு கிராமபோன் தருகிறோம் என்ற பேரமும். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவாகியிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருஷம் அவகாசம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சிக்கல் அந்த "ஃபேன்ஸி ஐட்டம்" என்ற வார்த்தையில்தான். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களின் கீழே "100 இயர்ஸ் ஓல்டு" என்று அவரே தட்டச்சு செய்தது அழியாமல் இருக்கிறது. அதை நம்பித்தான் மனு தயாராகிறது.