கூனா, லகடோஸா: வளர்ச்சிக் கோட்பாடுகளைப் படிக்க யார் கைகொடுப்பார்?

பினாங்கில் பகுதிநேரமாக முதுகலை படிக்கிறேன். பொருளாதார வளர்ச்சிக் கோட்பாடுகள் மாறிவந்த விதம்தான் என் ஆய்வுத் தலைப்பு. அறிவியல் கோட்பாடுகள் எப்படி மாறுகின்றன என்று எழுதிய தத்துவவாதிகளில் யார் கண்ணால் அதைப் பார்ப்பது, தாமஸ் கூனா இம்ரே லகடோஸா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. லகடோஸை எடுத்தேன். (இன்னொரு அறிவியல் தத்துவவாதியான கார்ல் பாப்பரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. கணிப்பு பொய்த்ததும் கோட்பாட்டைத் தூக்கிப் போடுவதென்றால் பொருளாதாரத்தில் எதுவும் மிஞ்சாது.)

கூன் சொல்வது பலருக்கும் தெரிந்ததுதான்: ஒரு சட்டகம் ஆளும், முரண்கள் சேரும், நெருக்கடி முற்றும், புதியது வந்து உட்காரும். பொருளாதார வளர்ச்சி மாதிரிகளையும் அப்படியே, ஹாரட்-டோமர் போய் 1956இல் ராபர்ட் சோலோ, சோலோ போய் 1986இல் பால் ரோமர் என்று எழுதிவிடலாம். ஆனால் சோலோ எங்கே போனார்? இன்றும் வகுப்பில் முதலில் நடத்துவது அவரைத்தான்.

லகடோஸ் கேட்பது வேறு. மையக் கருத்தைக் காப்பாற்றப் போடும் ஒட்டுகள் புதிதாக எதையாவது சொல்கின்றனவா, இல்லை ஓட்டையை அடைப்பதோடு சரியா? எனக்கு முடிவைத் தந்தது இந்தப் பராமரிப்புக் கணக்குதான்.

1957இல் சோலோ அமெரிக்காவின் 1909-49 கணக்கைப் போட்டார். ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி உயர்ந்ததில் எட்டில் ஏழு பங்கு மூலதனத்தால் வரவில்லை. 'தொழில்நுட்ப மாற்றம்' என்ற மிச்சத்தில் போய் விழுந்தது. அந்த மிச்சத்துக்குள் என்னதான் இருக்கிறது? எழுபதுகளில் எங்கள் சின்னம்மா பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் பொருத்துவார். அதே மெஷின், அதே ஷிப்ட். கை பழகப் பழகக் கழிவு குறைந்தது. சோலோவின் சூத்திரத்தில் அந்தக் கைக்குத் தனி இடம் கிடையாது.

1992இல் மேன்கியூ, டேவிட் ரோமர், வைல் மூவரும் சோலோவை விடாமலே மனித மூலதனத்தை, அதாவது மக்களின் கல்வியையும் திறனையும், சேர்த்தார்கள். நாடுகள் தத்தம் நீண்டகாலச் சமநிலையை மெதுவாகத்தான் எட்டும் என்பது அதிலிருந்து தானாக வந்தது. மெதுவான வேகம் தரவில் முன்பே தெரிந்ததுதானே, இது புதிய கணிப்பா என்று கேட்டால் அடித்துச் சொல்ல மாட்டேன். அதற்காக மாதிரியை வளைக்கவில்லை என்பதால் பாதி மதிப்பெண் கொடுப்பேன்.

லகடோஸ் கைவிடும் இடமும் உண்டு. செய்து பழகுவதால் உற்பத்தி கூடும் என்பதைப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1962இலேயே கோட்பாடாக்கிவிட்டார். அந்த எண்ணம் துறையின் நடுவுக்கு வர ஏன் அத்தனை காலம் பிடித்தது? ஆய்வாளர் கூட்டத்தின் பழக்கமும் கைவசமிருந்த கணிதமும் சேர்ந்த விவகாரம் அது. அந்த அத்தியாயத்துக்கு மட்டும் கூனை அழைத்துக்கொண்டேன். பணவீக்கம், வணிகச் சுழற்சி பக்கம் இந்தத் தேர்வு தாங்குமா என்று சொல்லும் அளவுக்கு நான் படித்ததில்லை.