படம் எடுக்குறதுக்கு முன்னாடி தேதி கேட்டாங்க

மதுரை கே.கே.நகர்ல இருக்க இந்த ஸ்கேன் சென்டருக்கு போன மாசம் போனேன். நமக்கு ஊரு மேலூர், மாட்டுத்தாவணில எறங்கி ஷேர் ஆட்டோ. எடது விலாவுல ஆரம்பிச்சு அடிவயிறு வரைக்கும் சுண்டி சுண்டி இழுக்குற வலி, கிட்னி கல்லா இருக்கும்னு டாக்டர் சிடி ஸ்கேன் எழுதிக் குடுத்தாரு.

மொதல்ல போனது வேற எடம், பேரு வேணாம். ரெண்டு வருசமா குழந்தைக்கு பாத்துக்கிட்டு இருக்கோம்னு நானாத்தான் வாயத் தொறந்து சொன்னேன், அதுக்கு அங்க ஸ்கேன் எடுக்குறவரு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, படுங்க, அஞ்சு நிமிசம்தான்"ன்டாரு. பீரியட்ஸ் தேதி கூட கேக்கல. மனசு ஒப்பாம எந்திரிச்சு வந்துட்டேன்.

இங்க பில்லு போடுறதுக்கு முன்னாடியே அந்த டெக்னீசியன் பொண்ணு "அக்கா, கடைசியா பீரியட்ஸ் வந்த தேதி சொல்லுங்க"ன்னுச்சு. சொன்னதும் செவுத்து காலண்டர்ல பேனா முனையை வச்சு ஒவ்வொரு கட்டமா எண்ணுச்சு, 24-வது நாள். நாள் தள்ளிப் போகலன்னாலும் இந்நேரம் கரு உண்டாகியிருக்கலாம், யூரின் டெஸ்ட்ல கூட இன்னும் தெரியாம இருக்கும், வயித்துக்கு எடுக்குற சிடில கதிர் நேரா கர்ப்பப்பையில விழும், அவசரம் இல்லன்னா பீரியட்ஸ் ஆரம்பிச்ச 10 நாளுக்குள்ள எடுக்குறதுதான் நல்லதுன்னு பொறுமையா சொல்லுச்சு. அப்புறம் அதுவே எங்க டாக்டருக்கு போன் போட்டு மொதல்ல அல்ட்ராசவுண்ட் பாத்துரலாமான்னு கேட்டு சரின்னு வாங்கிருச்சு. அது சத்த அலைதான், கதிரே கெடையாது. மூத்திரப்பை வாசல் கிட்ட 5 மில்லிமீட்டர் கல்லு பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு, சிடியே தேவைப்படல, மாத்திரையிலயும் தண்ணியிலயும் ஒன்பதாம் நாள் வெளிய வந்துருச்சு.

ஸ்கேன் பாத்த மேடத்துக்கிட்ட எங்க நாத்தனார் கதைய சொன்னேன். அவ உண்டாயிருக்கறது தெரியாம நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துட்டு, கலைச்சிரலாமான்னு பத்து நாளா அழுதுக்கிட்டு இருந்தா. மேடம் ஒரு சீட்டுல எழுதியே காட்டுனாங்க. நெஞ்சு எக்ஸ்ரேல கருவுக்கு போற கதிர் 0.01 மில்லிகிரேக்கும் கீழ (மில்லிகிரேங்கறது கதிர அளக்குற கணக்கு), வயித்து சிடின்னா 10-லருந்து 25 வரைக்கும் போகும், 50-க்கு கீழ ஊனம் வரும்னு இதுவரைக்கும் பாத்ததில்ல, அதனால பயந்து போய் கலைக்குறதுதான் பெரிய தப்புன்னாங்க. உசுருக்கு ஆபத்துன்னா சிடி எடுத்துத்தான் ஆகணும், தள்ளிப் போடக்கூடாதுன்னும் சொன்னாங்க. அந்த சீட்ட அப்படியே போட்டோ எடுத்து நாத்தனாருக்கு அனுப்பிட்டேன், அன்னைக்கு ராத்திரிதான் அவ ஒழுங்கா சாப்புட்டா.

ஒரே கொறை, ஒரு லிட்டர் தண்ணி குடிக்க வச்சுட்டு ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சுட்டாங்க, பொம்பளைங்களுக்கு டாய்லெட்டும் ஒண்ணுதான் இருக்கு, எனக்கு முன்னாடி நெறமாச வயித்தோட ரெண்டு பேரு வரிசையில நின்னாங்க. இன்னொண்ணு கட்டுங்க, ப்ளீஸ்.